லுமுட் பேராக்கில் இல்லாத காலம்: சித்தியவான் கடலோரத்தின் கதை

ஒரு சின்னக் கேள்வி. 1920இல் லுமுட்டில் பிறந்த குழந்தை எந்த மாநிலத்தில் பிறந்தது? பேராக் என்று சொன்னால் தப்பு.

லுமுட், பங்கோர் தீவு, அவற்றைச் சுற்றியுள்ள கரையோரம் எல்லாம் 1874 முதல் 1935 வரை பேராக்கில் இல்லை. அந்தப் பகுதிக்கு டிண்டிங்ஸ் என்று பெயர். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்காவோடு சேர்ந்த நீரிணைக் குடியேற்றப் பகுதியில் அதுவும் ஒரு துண்டு. பேராக் சுல்தானின் ஆட்சி அங்கே இல்லை, பிரிட்டிஷ்காரர்கள் நேரடியாக ஆண்டார்கள். அன்றைய டிண்டிங்ஸ் இன்று மஞ்சோங் மாவட்டத்துக்குள் இருக்கிறது. மாவட்டத்தின் பெரிய ஊர் சித்தியவான்.

விடுமுறைக்குப் பங்கோர் போகிறவர்கள் பெரும்பாலும் சித்தியவானைக் கார் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருப்பார்கள். ஈப்போவிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ரயில் கிடையாது. செம்பனைத் தோட்டங்கள் முடிந்ததும் கடை வரிசை, பிறகு ஸ்ரீ மஞ்சோங், அதைத் தாண்டினால் லுமுட் படகுத்துறை. ‘செத்தியா காவான்’ என்ற மலாய்ச் சொல்தான் சித்தியவான் ஆனது என்பார்கள். சேற்றில் மாட்டிக்கொண்ட யானையை விட்டு நகராமல் இன்னொரு யானை பக்கத்திலேயே நின்றதாம், அந்த விசுவாசமான நண்பன்தான் ஊரின் பெயர் என்று ஒரு கதை. யானை உண்மையோ இல்லையோ, சேறு உண்மை. டிண்டிங் ஆறு கடலில் கலக்கும் இடம் முழுக்கச் சதுப்பும் கண்டல் காடும்தான்.

இந்தக் கடற்கரை ஏன் இவ்வளவு பேருக்குத் தேவைப்பட்டது? வரைபடத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும். பங்கோர் தீவு கரைக்கு முன்னால் ஒரு சுவர் மாதிரி நிற்கிறது. அதன் பின்னால் அலை அடங்கிய, கப்பல் ஒதுங்க வசதியான நீர். எதிரே மலாக்கா நீரிணை. ஈயம் வாங்க வந்த டச்சுக்காரர்கள் 1670இலேயே பங்கோரில் கோட்டை கட்டினார்கள். தெலுக் கெடோங்கில் அதன் செங்கல் சுவர் இன்றும் நிற்கிறது.

அடுத்து பிரிட்டிஷ்காரர்கள். 20 ஜனவரி 1874 அன்று பங்கோர் அருகே நின்ற புளூட்டோ என்ற கப்பலில் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் இதை நாம் எல்லாருமே மனப்பாடம் செய்திருப்போம்: ராஜா அப்துல்லா சுல்தான் ஆனார், பேராக்குக்கு ஒரு பிரிட்டிஷ் ரெசிடென்ட் வந்தார். அதே ஒப்பந்தத்தில் டிண்டிங்ஸ் எல்லையைப் பற்றியும் ஒரு பகுதி இருந்தது. அதைத் தேர்வில் யாரும் கேட்பதில்லை. கடற்கொள்ளையை அடக்க இடம் வேண்டும் என்பது காரணம், நல்ல துறைமுகமாக வளரும் என்பது நம்பிக்கை. ஆனால் பினாங்கு போலவோ சிங்கப்பூர் போலவோ லுமுட் வளரவே இல்லை. வணிகமும் வரவில்லை, வருமானமும் வரவில்லை. கடைசியில் 1935 பிப்ரவரியில் பேராக்கிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

துறைமுகக் கனவு தூங்கிக்கொண்டிருந்த அந்த வருடங்களில் கரைக்கு உள்ளே வேறொன்று முளைத்தது. ரப்பர்.

1903இல் சீனாவின் ஃபூச்சோவிலிருந்து மெதடிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பங்கள் சித்தியவானுக்கு வந்து இறங்கின. அரசாங்கம் அவர்களிடம் எதிர்பார்த்தது நெல். அவர்கள் சீக்கிரமே ரப்பருக்கு மாறினார்கள். நிலம் அவர்கள் கையில் இருந்ததால் சிறுதோட்டக்காரர்களாக நிமிர்ந்தார்கள். கம்போங் கோவில் இன்றைக்கும் சூடாகக் கிடைக்கும் கொம்பியாங் ரொட்டியும் சிவப்பு ஒயின் மீ சுவாவும் அவர்கள் கொண்டுவந்தவை. மலாயா கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங் 1924இல் சித்தியவானில் பிறந்தவர்தான். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

தமிழர்கள் வந்த வழி வேறு. பெரிய தோட்டங்களை ஐரோப்பிய கம்பெனிகள் திறந்தபோது கங்காணிகள் தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு பக்கம் போய் ஆள் சேர்த்தார்கள். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கி, அங்கிருந்து தோட்டத்துக்கு. 1938இல் இந்திய அரசாங்கம் இப்படி ஆள் அனுப்புவதைத் தடை செய்யும்வரை இது நடந்தது. கடல் கடந்து வந்தவர்களுக்குக் கிடைத்ததோ காட்டு வேலை. விடியுமுன் பெரட்டு, பிறகு பால் வெட்டு, லயத்து வீடு, பிள்ளைகளுக்கு ஆயாக் கொட்டகை, கிராணி எழுதும் கணக்கு. கரை பக்கத்தில் இருந்தும் கடலோடு அவர்களுக்குப் பெரிய தொடர்பு இல்லை.

இங்கேதான் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ஃபூச்சோ குடும்பத்துக்கு நிலம் இருந்தது. தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்துக்கு வீடுகூடச் சொந்தம் இல்லை, வேலை இருக்கும்வரைதான் வீடு. ரப்பர் விலை விழுந்தபோது சிறுதோட்டக்காரர் மரத்தை வெட்டிவிட்டு வேறு பயிர் போடலாம், நிலத்தை விற்றுக் கடை வைக்கலாம். தோட்டம் கைமாறியபோதும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும் பால் வெட்டுகிறவருக்கு வேலையும் வீடும் ஒரே நேரத்தில் போயின. இன்று அதே செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள்.

அந்த வாழ்க்கையின் அடையாளம் இப்போது அதிகமாக மிஞ்சியிருப்பது பள்ளிக்கூடப் பெயர்ப் பலகையில். சுங்கை வாங்கி தோட்டத் தமிழ்ப்பள்ளி, சொகமானா தோட்டத் தமிழ்ப்பள்ளி, ஆயர் தாவார் தோட்டத் தமிழ்ப்பள்ளி. பெயரில் தோட்டம் இருக்கும், ஆனால் இப்படிப்பட்ட பள்ளிகளில் காலையில் பிள்ளைகள் வந்து இறங்குவது வேனிலிருந்து.

ஈயத்தை விட்டுவிட்டால் கதை முழுமையாகாது. மாவட்டத்தின் வடக்கே பந்தாய் ரெமிஸில் கடலுக்கு மிக அருகே ஒரு ஈய லம்பம் இருந்தது. கைவிடப்பட்ட அந்த லம்பத்துக்கும் கடலுக்கும் நடுவே இருந்தது கொஞ்சம் மண் மட்டுமே. 21 அக்டோபர் 1993 அன்று அந்த மண் சரிய, கடல் உள்ளே புகுந்தது. கரையும் மரங்களும் துண்டு துண்டாக உடைந்து தண்ணீரில் விழுவதை யாரோ வீடியோ எடுத்திருக்கிறார், இணையத்தில் தேடினால் கிடைக்கும். இன்று அங்கே ஒரு குட்டி வளைகுடா இருக்கிறது.

சரி, பிரிட்டிஷ்காரர்கள் கனவு கண்ட துறைமுகம்? நூறு வருடம் தாமதமாக, வேறு வேறு உருவத்தில் வந்து சேர்ந்தது. முதலில் கடற்படை. நாடு விடுதலை பெற்ற பிறகும் நம் கடற்படையின் முக்கியத் தளம் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில்தான் இருந்தது. 1970களில் லுமுட்டில் புதிய தளம் எழும்பியது. பங்கோர் என்ற அந்தச் சுவர் மறுபடியும் உதவியது. கடற்படைக் குடும்பங்கள் வந்ததும் கடைகளும் வாடகை வீடுகளும் வந்தன. பக்கத்துக் கப்பல் கட்டும் தளத்துக்கும் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது, ஆனால் அங்கே நடந்ததை நாடே பார்த்தது. ஆறு கரையோரப் போர்க்கப்பல்களுக்கு 913 கோடி ரிங்கிட் ஒப்பந்தம். அதில் 608 கோடி செலுத்தப்பட்டும் ஒரு கப்பல்கூடக் கிடைக்கவில்லை என்று நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 2022இல் அறிவித்தது. பிறகு எண்ணிக்கை ஐந்தாகக் குறைந்தது, செலவு 1,122 கோடியாக உயர்ந்தது. கோலாலம்பூரில் அது அரசியல் செய்தி. லுமுட்டில் வெல்டிங் வேலை பார்க்கிறவருக்கு அது அடுத்த மாதச் சம்பளம்.

அடுத்து மின்சாரம். கடலை மேடாக்கிய செயற்கைத் தீவில் நிற்கும் ஜானாமஞ்சோங் அனல்மின் நிலையம் 4,000 மெகாவாட்டுக்கும் மேல் உற்பத்தி செய்யக்கூடியது. தலா 700 மெகாவாட்டில் மூன்று அலகுகள், பின்னால் சேர்ந்த தலா 1,000 மெகாவாட் அளவிலான இரண்டு அலகுகள். எரிவது கப்பலில் வரும் இறக்குமதி நிலக்கரி. தெற்கே, தெலுக் ருபியாவில் 2014 முதல் பிரேசிலின் வாலே நிறுவனத்தின் இரும்புத்தாது முனையம் இயங்குகிறது. 4 லட்சம் டன் சுமக்கும் உலகின் மிகப் பெரிய தாதுக் கப்பல்கள் அங்கே கரை தொடும். பிரேசில் தாதுவைக் கலந்து, பிரித்து, சிறிய கப்பல்களில் ஆசிய நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். 1874இல் கையெழுத்துப் போட்டவர்கள் பார்த்திருந்தால் ‘நாங்கள் சொன்னோமே’ என்றிருப்பார்கள்.

ஆனால் ஒரு தோட்டத்துக்கு வேண்டிய ஆள்பலம் இந்த இடங்களுக்கு வேண்டாம். தாதுவை இறக்குவது இயந்திரம், நகர்த்துவது கன்வேயர். கிடைக்கிற வேலைக்குத் தொழில்திறன் சான்றிதழ் கேட்பார்கள்: மின்சாரம், வெல்டிங், கருவிப் பராமரிப்பு. பால் வெட்டுக்கு அப்பா கையைப் பார்த்து மகன் கற்றுக்கொண்டது போல இது நடக்காது. எஸ்பிஎம் முடித்துவிட்டுத் தொழிற்கல்லூரியா, ஷா ஆலமில் தொழிற்சாலையா, சிங்கப்பூரா என்று யோசிக்கும் சித்தியவான் பிள்ளைகள் பலர். பல வீடுகளில் மூன்றாவது பதில்தான் ஜெயிக்கிறது.

போனவர்கள் திரும்பி வரும் நாள் ஒன்று உண்டு. பங்கோர் சுங்கை பினாங் கெச்சில் பத்திரகாளியம்மன் கோயிலில் மாசி மகம். அன்று லுமுட் படகுத்துறையில் நிற்க இடம் இருக்காது. தோட்டம் இருந்த காலத்தில் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள் ஃபெரி வரிசையில் சந்தித்துக்கொள்வார்கள். திரும்பும்போது பையில் பங்கோர் நெத்திலி இருக்கும். 2020 ஜனவரி முதல் தீவு வரிவிலக்குப் பகுதி, அதனால் சிலர் பையில் சாக்லேட்டும்.

இப்போது கேள்வி நிலக்கரிக்கு. 2044க்குள் நிலக்கரி மின்சாரத்தை முற்றாகக் கைவிடுவது அரசாங்கம் அறிவித்த இலக்கு. ஈயம் போனது, ரப்பர் போனது என்று பார்த்த மாவட்டத்துக்கு இது மூன்றாவது. அந்தத் தீவையும் படகுத்துறையையும் மின்கம்பிகளையும் வைத்து என்ன செய்வது, அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு அடுத்த பயிற்சி என்ன என்பதை இப்போதே பேச ஆரம்பிக்க வேண்டும். தோட்டங்கள் மாறியபோது யாரும் முன்கூட்டியே பேசவில்லை. 2025இல் சித்தியவான் மகா கணேசா வித்தியாசாலையில் முதலாம் ஆண்டு சேர்ந்த பிள்ளைக்கு 2044இல் 26 வயது.