விமானம் தாமதமா, ரத்தா? கொள்முதலுக்குப் போகும் வணிகர்கள் கவனத்துக்கு

பொங்கல் சரக்குக்காக டெல்லி செல்லும் நம் அங்கத்தினர்கள் பலரும் டிசம்பர் பின்பாதியில்தான் புறப்படுகிறார்கள். வடக்கே மூடுபனி கொட்டுவதும் அதே நாட்களில்தான். முன்பெல்லாம் ஜி.டி. எக்ஸ்பிரஸில் போவோம். வண்டி தாமதமானாலும் நம் பெர்த்தில் படுத்துக் கிடக்கலாம். விமானத்தில் அந்த வசதி கிடையாது. ஒரு நாள் தவறினால் சாந்தினி சௌக்கில் பேசி வைத்த ஜவுளி வேறு ஊர்க்காரர் கைக்குப் போய்விடும். அங்கே லாரி புக்கிங் ஒரு நாள் தள்ளினால் இங்கே கடையில் பொங்கல் விற்பனை ஒரு நாள் குறையும்.

டெல்லியில் பனியிலும் விமானத்தை இறக்கும் கேட்-3 என்ற கருவி வசதி இருக்கிறது. ஆனால் விமானத்திலும் அதற்குரிய கருவி இருக்க வேண்டும், ஓட்டும் விமானிக்கும் அந்தப் பயிற்சி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஊருக்குத் திருப்பி விடுவார்கள். நம் சென்னையும் லேசுப்பட்டதல்ல. போகிப் புகையில் காலை விமானங்கள் முடங்கிய வருடங்கள் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் விமான நிலையத்தையே மூட வேண்டி வந்தது.

ஒரே விமானம் ஒரு நாளில் நான்கைந்து ஊர்களைச் சுற்றுகிறது. காலையில் அரை மணி தாமதமானால் அது இரவுக்குள் இரண்டு மணியாக வளர்ந்துவிடும். ஆகவே பொதுவாக முதல் விமானமே நல்லது. அது முந்தைய இரவே வந்து நிற்கும். ஆனால் பனிக்காலத்து டெல்லிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. விடியற்காலையில்தான் அங்கே பனி அதிகம். பகல் 12 மணிக்கு மேல் போய் இறங்கும்படி டிக்கெட் எடுப்பதே புத்திசாலித்தனம். கடைசி விமானம் மட்டும் எந்தக் காலத்திலும் வேண்டாம்.

இன்னொரு விஷயம். மதுரையிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து டெல்லி என்று மாறிப் போகிறவர்கள் இரண்டையும் ஒரே பி.என்.ஆரில் எடுக்க வேண்டும். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினால் அப்போதுதான் கம்பெனி பொறுப்பேற்கும். தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது டிக்கெட் பணம் அநேகமாகப் போனதுதான். முந்நூறு, நானூறு ரூபாய் மிச்சம் பார்த்து இதைச் செய்கிறவர்களை என்ன சொல்வது!

ஏஜெண்டிடம் டிக்கெட் போடும்போது பையன் தன் செல் நம்பரையே கொடுத்துவிடுவான். ரத்து என்று வரும் எஸ்.எம்.எஸ். அவனுக்குப் போகும், நாம் பெட்டியோடு விமான நிலையத்தில் நிற்போம். பயணி சரியான தொடர்பு எண் தராவிட்டால் நஷ்ட ஈடு கிடையாது என்று விதியிலேயே இருக்கிறது. நம் நம்பர்தான் போட்டிருக்கிறதா என்று டிக்கெட்டை வாங்கியதும் பாருங்கள்.

விதி என்றதும் பலர் அது வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்கிறார்கள். நம் டி.ஜி.சி.ஏ. 2010-லேயே போட்டு, பின்னர் அவ்வப்போது திருத்திய விதி இது. விமானம் ரத்தானால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம் நம் உரிமை. 24 மணி நேரத்துக்கு முன் தகவல் சொல்லாமல் ரத்து செய்தால், பயண நேரத்தைப் பொறுத்து ரூ.5,000, ரூ.7,500, ரூ.10,000 என்று நஷ்ட ஈடும் உண்டு. ஒரு வழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து அதைவிடக் குறைவென்றால் அந்தத் தொகைதான் கிடைக்கும். பனி, புயல், வேலை நிறுத்தம் போன்றவற்றுக்கு நஷ்ட ஈடு கேட்க முடியாது. ஆனால் அப்போதும் மாற்று விமானமோ பணமோ தந்தே ஆக வேண்டும். இரண்டரை மணி வரையுள்ள பயணம் இரண்டு மணிக்கு மேல் தாமதமானால் சாப்பாடு, சிற்றுண்டி கொடுக்க வேண்டும்.

இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணிக்கு மேல் தாமதமானால் ஓட்டல் அறையும் தர வேண்டும். சூரத் கொள்முதல் முடித்து மும்பை வழியாகத் திரும்பும்போது ஒருமுறை எனக்கு இது உதவியது. இரவு 9.30 விமானம் இயந்திரக் கோளாறு என்று காலை 5.30-க்குத் தள்ளிப் போனது. கவுண்டரில் இருந்த பெண், "அங்கிள், சாப்பாட்டுக் கூப்பன் மட்டும்தான்" என்றார். நான் சத்தம் போடவில்லை. செல்போனில் வைத்திருந்த விதியைக் காட்டி, "அறை கிடையாது என்பதை எழுதிக் கொடுங்கம்மா, போதும்" என்றேன். அவர் உள்ளே போய் அதிகாரியைக் கூட்டி வந்தார். கால் மணியில் எனக்கும், பின்னால் நின்ற திருப்பூர்க்காரர் இருவருக்கும் அறை கிடைத்தது. கத்திய நாலைந்து பேர் அதற்குப் பின்னும் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

கியூவில் நிற்கும்போதே கம்பெனியின் போன் நம்பருக்கும் அடித்துக்கொண்டிருங்கள். மாற்று விமானத்தில் சீட்டு முதலில் கேட்டவருக்குத்தான். பணத்தைத் திரும்ப வாங்கும் முன் மற்ற கம்பெனிகளில் அன்றைய விலையைப் பாருங்கள். 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது, மற்றவர்களின் கட்டணம் தாறுமாறாக ஏறியது. 500 கி.மீ. வரை ரூ.7,500, 1,500 கி.மீ.க்கு மேல் ரூ.18,000 என்று மத்திய அரசு உச்சவரம்பு போட வேண்டி வந்தது. அப்படிப்பட்ட நாளில் ஆறாயிரம் ரூபாயைத் திருப்பி வாங்கி என்ன பயன்? மாற்று விமானமே கேளுங்கள். அவசரமென்றால் ரயிலும் இருக்கிறது. ஏ.சி. தட்கல் முந்தைய நாள் காலை 10 மணிக்குத் திறக்கும்.

மாத்திரை, சாம்பிள் துணி, ஆர்டர் புத்தகம் எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். உள்ளே போட்ட பெட்டி ரத்தான பிறகு திரும்பிவர மணிக்கணக்காகும். ரத்து என்று தெரிந்த உடனே சரக்குக்காரருக்குப் போன் செய்து, "மால் எடுத்து வையுங்கள், முன்பணம் அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டால் அநேகமாக வைத்திருப்பார்.

தாமதத்துக்கும் ரத்துக்கும் கம்பெனியிடம் எழுத்தில் சான்று வாங்குங்கள். வரி அலுவலக விசாரணைத் தேதி தவறினால் அது கைகொடுக்கும். டிக்கெட்டில் கடையின் ஜி.எஸ்.டி. எண் போட்டு வரவு எடுத்திருந்தால், பணம் திரும்பும்போது கிரெடிட் நோட் வரும். அதைக் கணக்குப்பிள்ளையிடம் மறக்காமல் கொடுங்கள். கம்பெனி பதில் தராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்திலோ, 1915 நுகர்வோர் உதவி எண்ணிலோ புகார் பதியலாம். போர்டிங் பாஸும் எஸ்.எம்.எஸ்.ஸும் அதுவரை பத்திரமாக இருக்கட்டும்.