திரைக்குப் பின்னால் நடைபெறும் தொழில்

நாடகம் பார்க்கச் செல்வோர் மேடையில் தோன்றும் நடிகர்களையே காண்கின்றனர். அரசன் கொலுவீற்றிருந்த மண்டபம் மறைந்து கானகம் தோன்றுவதும், நண்பகல் மங்கி நிலவு எழுவதும் தாமாக நிகழ்வன போல அவர்களுக்குப் புலப்படும். ஆனால், ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் கயிற்றைப் பிடித்தவர் ஒருவரும், விளக்கை ஆள்பவர் ஒருவரும், உரிய கணத்தில் அவர்களுக்கு ஆணையிடுபவர் ஒருவரும் இருக்கின்றனர். அவர்கள் செய்யும் தொழில் யாது? அதனை இத்துணைக் கட்டுப்பாட்டுடன் அவர்கள் செய்ய வேண்டியது எதற்காக?

நாடகத்தைப் பயிற்றுவிக்கும் நெறியாளரின் பணி, அரங்கேற்றத்துடன் பெரும்பாலும் முடிவடைந்துவிடும். அதன்பின் மேடையை ஆள்பவர் மேடை முகாமையாளர். அவருடைய கையிலுள்ள நாடகப் பிரதியிலே, எந்தச் சொல் முடிந்ததும் விளக்கு மாற வேண்டும், எந்த அடி எடுத்து வைத்ததும் இடியோசை எழ வேண்டும், எப்போது திரை வீழ வேண்டும் என்பன வரிசை எண்ணுடன் ஓரத்திற் குறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு குறிப்புக்கும் அவர் இருமுறை ஆணையிடுவார். ஆயத்தமாகுக என்பது முதலாவது. செய்க என்பது இரண்டாவது. குரல் கேட்கக்கூடாத இடங்களில் சிவப்பு விளக்கு முதலாணையையும், பச்சை விளக்கு இரண்டாவதையும் உணர்த்தும். இரண்டாவது ஆணை வரும்வரை, நடிகர் தமது வசனத்தை முந்திக் கூறிவிட்டபோதிலும், எவரும் கயிற்றைத் தொடலாகாது. இருளிலே, ஒருவரையொருவர் காணாது பலர் வேலை செய்யும் இடத்தில், ஒரே குரலுக்குக் கீழ்ப்படிவதே அனைவரையும் காக்கும்.

இக்கட்டுப்பாட்டின் அவசியத்தை, மேடைக்கு மேலே அண்ணாந்து பார்த்தால் உணரலாம். பெரிய அரங்குகளிலே, சபையோர் காணும் மேடைவாயிலைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்ட உயரத்திற்கு மேடையின் மேற்பாகம் கோபுரம்போல் எழுந்திருக்கும். ஓவியத் திரைகளும் விளக்குகளும் நீண்ட குழாய்களிற் கட்டப்பட்டு அங்கே தொங்குகின்றன. ஒவ்வொரு குழாயின் பாரத்துக்கும் ஈடாக, மறுமுனையில் இரும்புக் கட்டிகள் வைக்கப்பட்டிருக்கும். தராசின் இரு தட்டுகளும் ஒத்து நிற்பதுபோல இவை ஒத்து நிற்பதால், பலர் கூடியும் தூக்கவியலாத பாரத்தை ஒருவரே கயிற்றை இழுத்து உயர்த்திவிடுகிறார். ஆனால், சமநிலை தவறினால் அதுவே பேராபத்தாகும். ஆகவே குழாய் கீழே இருக்கும்போது, காட்சிப் பொருளை முதலிற் கட்டி அதன்பின் கட்டிகளை ஏற்றுதல் வேண்டும். கழற்றும்போது கட்டிகளை முதலில் இறக்குதல் வேண்டும். இவ்வொழுங்கு மாறினால், கயிறு கட்டுக்கடங்காது பாய, கட்டிகள் கீழே விழும்.

மேடைத் தொழிலாளர் மிகவும் அஞ்சிய பகை நெருப்பாகும். மெழுகுவர்த்தியும் எண்ணெய் விளக்கும் எரிந்த மேடைகளிலே, 1817ஆம் ஆண்டில் இலண்டன் துறூரி லேன் அரங்கு வாயு விளக்கை ஏற்றது. 1881ஆம் ஆண்டில் அந்நகரின் சவோய் அரங்கு மின்விளக்கைக் கொண்டுவந்தது. மின்சாரத்தால் ஆபத்துக் குறைந்ததே அன்றி ஒழிந்துவிடவில்லை. இதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் சான்றாகும்.

1903ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆந் திகதி, அமெரிக்காவின் சிக்காகோ நகரில் இரோகுவா அரங்கிலே பிற்பகற் காட்சி நடைபெற்றது. அவ்வரங்கு திறக்கப்பட்டு ஐந்து வாரங்களே கடந்திருந்தன. எவ்வாற்றானும் தீப்பற்றாதது என்று விளம்பரமும் செய்யப்பட்டிருந்தது. பெண்களும் சிறுவருமாக அரங்கு நிறைந்திருந்தது. மின்வில் விளக்கொன்றிலிருந்து எழுந்த பொறி அருகே தொங்கிய துணியைப் பற்றியது. சபையையும் மேடையையும் பிரிக்கும் தீத்தடுப்புத் திரையை இறக்க முயன்றபோது, அது பாதி வழியில் சிக்கி நின்றுவிட்டது. புகை வெளியேற மேடைக் கூரையில் அமைந்த வாயில்கள் திறக்க முடியாதபடி மூடியிருந்தன. நடிகர் தப்புவதற்காகப் பின்கதவைத் திறந்ததும் உட்புகுந்த காற்று, தீச்சுவாலையைச் சபையோர்மீது வீசியது. வெளிவாயில்கள் சில திரைச்சீலைகளால் மறைக்கப்பட்டிருந்தன, சில பூட்டப்பட்டிருந்தன. 600க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

எட்டு ஆண்டுகளுக்குள், 1911ஆம் ஆண்டு மே 9ஆந் திகதி, ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரில் எம்பயர் அரங்கிலும் மேடையில் தீ மூண்டது. மாயவித்தைக்காரராகிய லாபயெட் அன்று தமது வித்தைகளைக் காட்டிக்கொண்டிருந்தார். தீயையும் வித்தையின் ஒரு பகுதியென்றே சபையோர் முதலில் எண்ணினர். ஆனால் தீத்தடுப்புத் திரை இறங்கியது. வாத்தியக் குழுவினர் அரச கீதத்தை வாசிக்கவே, சபையோர் எழுந்து நின்று, பின்னர் ஒழுங்காக வெளியேறினர். ஏறத்தாழ 3,000 பேர் உயிர்தப்பினர். திரைக்குப் பின்னால் இருந்த லாபயெட்டும் அவர் குழுவினர் பலரும் உயிரிழந்தனர்.

இரண்டு அரங்குகளிலும் திரை இருந்தது. ஒன்றில் அது இறங்கியது, மற்றையதில் இறங்கவில்லை. பிரித்தானிய அரங்குகளில், இரும்புத் திரையைச் சபையோர் முன்னிலையில் ஒருமுறை இறக்கிக்காட்டும் வழக்கம் ஏற்பட்டதன் கருத்து இதுவே. நாள்தோறும் இயக்கிப் பார்க்கப்படாத கருவி, வேண்டிய நாளிலும் இயங்கும் என்று நம்புவதற்கில்லை. மேற்கூரையின் புகைவாயில் புகைபோக்கியைப்போல் வெப்பத்தை மேலே இழுப்பதற்காகவும், வெளிப்புறமாகத் திறக்கும் கதவு முண்டியடித்து வருவோரின் நெருக்கத்தால் அடைபடாதிருப்பதற்காகவும் அமைக்கப்படுவன. எடின்பரோவில் மாண்டவர்கள் மேடைப்புறத்தினர் என்பதும் மறக்கற்பாலதன்று. திரைக்கு முன்னால் இருப்போருக்கு வழி வேண்டுவதுபோலவே, பின்னால் உழைப்போருக்கும் தடையற்ற வழி வேண்டும்.

இலங்கையின் பாடசாலை மண்டபங்களிலும், கோயில் வீதியில் எழும் கிடுகுக் கொட்டகைகளிலும் நாடகம் போடுவோருக்கு இரும்புத் திரையோ கோபுர மேடையோ கிட்டுவது அரிது. எனினும் அவற்றின் பின்னுள்ள ஒழுங்கைக் கைக்கொள்ளப் பெரும் பொருள் வேண்டியதில்லை. சூடேறும் விளக்கைச் சீலைக்கும் கிடுகுக்கும் எட்டாத தூரத்தில் வைத்தல், மணலும் நீரும் நிறைந்த வாளிகளை மேடையருகே வைத்து அவற்றுக்கு ஒருவரைப் பொறுப்பாக நியமித்தல், மின்கம்பிகளை நடைவழியில் விடாதிருத்தல், வேடப் பெட்டிகளால் பின்வழியை அடைக்காதிருத்தல், திரையை இழுப்பவர் ஒருவரின் சொல்லுக்கு மாத்திரம் செவிசாய்த்தல் என்பன எந்த ஊரிலும் இயலும்.

இன்று கணினி நூற்றுக்கணக்கான விளக்கு மாற்றங்களை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஆயினும், மேடையில் ஒருவர் தவறி வீழ்ந்ததைக் கண்டு அடுத்த ஆணையை நிறுத்தி வைப்பவர் மேடை முகாமையாளரே. நாடகம் முடிந்ததும் கைதட்டல் நடிகரைச் சேர்கிறது. அந்நேரத்தில் திரைக்குப் பின்னால் கயிறுகளைக் கட்டி, விளக்குகளை அணைத்து, வாயில்களைச் சோதித்துக்கொண்டிருப்போருக்கு, வந்த அனைவரும் நலமாக வீடு திரும்புவதே அன்றைய வெற்றியாகும்.