பால் அளவுக் கட்டுப்பாடு நீங்கிய பின்

ஐரோப்பிய ஒன்றியத்தில் பால் உற்பத்திக்கு விதிக்கப்பட்டிருந்த அளவுக் கட்டுப்பாடு 2015 மார்ச்சு 31ஆம் தேதியோடு முடிவுற்றது. அதனால் கறவை மாடு வளர்ப்போர் பெற்றது யாது, இழந்தது யாது என்பதை நம் அங்கத்தினர்கள் அறிவது நலம்.

அரசாங்கமே விலைக்கு உத்தரவாதம் அளித்தமையால் முன்னர் அங்கே பால் தேவைக்கு மிஞ்சிப் பெருகிற்று. வெண்ணெயும் பால் பவுடரும் கிடங்குகளில் மலைபோல் குவிந்தன. ஆகவே 1984இல் ஒவ்வொரு நாட்டுக்கும், அதன் வழியே ஒவ்வொரு பண்ணைக்கும் அளவு நிர்ணயிக்கப்பட்டது. மீறினால் அபராதத் தீர்வை உண்டு. நாளடைவில் அவ்வுரிமையே விலைக்கும் குத்தகைக்கும் விடப்படும் சொத்தாயிற்று. புதிதாய்த் தொழில் தொடங்குவோர் பசுவோடு உரிமையையும் வாங்க வேண்டியிருந்தது.

கட்டுப்பாடு நீங்குமென அறிந்து பலர் கடன் பெற்றுக் கொட்டில் கட்டினர், மாடுகளைப் பெருக்கினர். புல்வளம் மிக்க அயர்லாந்து, 2020க்குள் பால் உற்பத்தியை 50 சதவிகிதம் உயர்த்தத் திட்டமிட்டு, அதற்கு முன்பே இலக்கை எட்டிற்று. இது கண்கூடான பயன்.

எனினும் விலை துணை நிற்கவில்லை. 2014 ஆகஸ்டில் ருஷ்யா ஐரோப்பியப் பால் பொருள்களைத் தடை செய்தது. சீனமும் கொள்முதலைக் குறைத்தது. அவ்வேளையில் பால் பெருகவே, 2014 தொடக்கத்தில் கிலோவுக்குச் சுமார் 40 சென்டாக இருந்த விலை 2016 நடுவில் சுமார் 26 சென்டாக வீழ்ந்தது. கடன் தவணையோ குறையவில்லை. பால் கறப்பதைக் குறைப்போர்க்கு உதவித்தொகை வழங்க 2016இல் 15 கோடி யூரோ ஒதுக்க நேர்ந்தது.

நெதர்லாந்தில் மாடு பெருகியதால் சாணத்திலுள்ள பாஸ்பேட் வரம்பு மீறிற்று. 2017இல் மாடுகளைக் குறைத்தனர். 2018 முதல் பாஸ்பேட் உரிமை நடைமுறைக்கு வந்தது. முன்வாயிலில் வெளியேறிய கட்டுப்பாடு பின்வாயில் வழியே புகுந்தது!

கூட்டுறவுச் சங்கங்களின் நிலை கவனத்திற்குரியது. அங்கத்தினர் ஊற்றும் பால் முழுவதையும் ஏற்பது அவற்றின் கடமை. நெசவாளர் சில நாள் தறியை நிறுத்தலாம்; பசுவின் மடியை நிறுத்தல் இயலாது. ஆகையால் 2016 தொடக்கத்தில் பிரீஸ்லாண்டு கம்பினா எனும் டச்சுக் கூட்டுறவு, பாலை மிகுதியாக்காத அங்கத்தினர்க்கு ஊக்கத்தொகை அளித்தது. அயர்லாந்தில் சில சங்கங்கள் பாலில் ஒரு பகுதிக்கு முன்கூட்டியே நிலையான விலை பேசி ஒப்பந்தம் செய்தன.

உற்பத்திச் சுதந்திரம் வேறு, விலைப் பாதுகாப்பு வேறு. முன்னதைச் சட்டம் தரலாம். பின்னதை அங்கத்தினர்களே ஒன்றுகூடித் தேடிக்கொள்ள வேண்டும். உற்பத்தியைப் பெருக்கக் கடன் கோரும் எவரும், விலை மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் தவணை கட்ட இயலுமா என முதலில் கணக்கிடுவாராக. கடன் வழங்கும் நிர்வாகக் குழுவினரும் அவ்வாறே கணக்கிடுவார்களாக.