ஒற்றை ஆளாக ஒரு எதிர்க்கட்சி! நிறவெறி நாடாளுமன்றத்தை 36 ஆண்டுகள் கேள்விகளால் துளைத்த ஹெலன் சூஸ்மன்

ஒரு நாடாளுமன்றம். 150-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். நாட்டில் பெரும்பான்மையாக வாழும் கறுப்பின மக்களில் ஒருவருக்குக்கூட அங்கே இடமில்லை. அதற்கு வாக்களிக்கும் உரிமையும் இல்லை. ஆளுங்கட்சி கொண்டுவரும் கொடுமையான சட்டங்களுக்கு, பெரிய எதிர்க்கட்சியும் பல நேரங்களில் கை தூக்கிவிடுகிறது. அந்த அவையில் ஒரே ஒருவர் மட்டும் எழுந்து, `நான் எதிர்க்கிறேன்' என்கிறார். அதுவும் ஒரு பெண்.

தென்னாப்பிரிக்காவின் ஹெலன் சூஸ்மன் 1961 முதல் 1974 வரை, 13 ஆண்டுகள் இப்படித்தான் தன் கட்சியின் ஒரே உறுப்பினராக நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தார். அதில் சில ஆண்டுகள் அவையிலேயே ஒரே பெண் உறுப்பினரும் அவர்தான்.

விரிவுரையாளர் அரசியலுக்கு வந்த கதை

1917 நவம்பர் 7-ம் தேதி, ஜோகன்னஸ்பர்க் அருகே ஜெர்மிஸ்டன் என்ற ஊரில் பிறந்தவர் ஹெலன். லித்துவேனியாவிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பம். பிறந்த சில நாள்களிலேயே தாயை இழந்தவர். மருத்துவர் மோசஸ் சூஸ்மனைத் திருமணம் செய்துகொண்டார், இரண்டு மகள்கள். விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் பொருளாதார வரலாறு பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

1948-ல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்து, `அபார்த்தைட்' என்ற நிறவெறிக் கொள்கையை ஒவ்வொரு சட்டமாகக் கட்டி எழுப்பத் தொடங்கியது. யார் எங்கே குடியிருக்கலாம், யார் யாரைத் திருமணம் செய்யலாம், எந்த பஸ்ஸில் ஏறலாம் என எல்லாவற்றையும் தோலின் நிறம் தீர்மானித்தது. அந்தச் சூழலில்தான் 1953-ல், ஹௌட்டன் தொகுதியிலிருந்து, ஐக்கியக் கட்சி உறுப்பினராக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார் ஹெலன். ஹௌட்டன், வசதியான வெள்ளையர்கள் வாழும் பகுதி. 1959-ல் ஐக்கியக் கட்சி போதுமான அளவு எதிர்க்கவில்லை என்று சொல்லி, அவரும் சில உறுப்பினர்களும் வெளியேறி முற்போக்குக் கட்சியைத் தொடங்கினார்கள். 1961 தேர்தலில் அந்தக் கட்சியில் மிஞ்சியவர் ஹெலன் மட்டுமே. அதுவும் 564 வாக்குகள் வித்தியாசத்தில்!

90 நாள் சட்டம்

1963-ல் ஒரு மசோதா வந்தது. அரசியல் குற்றம் செய்ததாகச் சந்தேகம் வந்தால் போதும். குற்றச்சாட்டு இல்லாமல், நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல், ஒருவரை 90 நாள்கள் அடைத்து வைக்கலாம். வக்கீலைப் பார்க்கவும் அனுமதி இல்லை. 90 நாள் முடிந்ததும் வாசல்வரை விட்டு, மறுபடியும் கைது செய்யலாம். பத்திரிகையாளர் ரூத் ஃபர்ஸ்ட் 1963-ல் அப்படித்தான் மொத்தம் 117 நாள்கள் தனிமைச் சிறையில் வைக்கப்பட்டார்.

பெரிய எதிர்க்கட்சியான ஐக்கியக் கட்சியும் அந்த மசோதாவை ஆதரித்தது. எதிர்த்து நின்றவர் ஹெலன் மட்டும். விசாரணை இல்லாமல் மனிதர்களைப் பூட்டி வைத்தால், பூட்டிய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கும் என்பதே அவர் எழுப்பிய அச்சம். அந்த அச்சம் உண்மையாக அதிக நாள் ஆகவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், லுக்ஸ்மார்ட் ங்குட்லே என்ற போராளி காவலில் இறந்துபோனார். 1967-ல் கால வரம்பே இல்லாமல் அடைத்து வைக்க வழிசெய்யும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் வந்தபோதும், எதிர்ப்பு ஹெலனிடமிருந்து மட்டும்தான் வந்தது.

ஒற்றை வாக்கால் எந்த மசோதாவையும் தோற்கடிக்க முடியாது. அது அவருக்கும் தெரியும். பிறகு எதற்காக அந்த அவையில் அவர் உட்கார்ந்திருந்தார்?

கேள்வி என்ற ஆயுதம்

நம் ஊர் நாடாளுமன்றத்தைப் போலவே அங்கும் உறுப்பினர்கள் அமைச்சர்களிடம் கேள்வி கேட்கலாம். அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். ஹெலன் அந்த உரிமையை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டார். விசாரணையின்றி எத்தனை பேர் சிறையில் இருக்கிறார்கள்? எத்தனை பேருக்குக் கசையடி? `பாஸ்' புத்தகம் இல்லாமல் நடந்ததற்காக எத்தனை பேர் கைது? எத்தனை பேருக்குத் தூக்கு? எத்தனை குடும்பங்கள் வீட்டைவிட்டு அகற்றப்பட்டன? வருடா வருடம், சளைக்காமல் கேட்டார்.

இதில் ஒரு சூட்சுமம் இருந்தது. வெளியே பத்திரிகைகளுக்குக் கடுமையான கட்டுப்பாடுகள். சிறை நிலைமையைப் பற்றி எழுதினால் வழக்கு பாயும். ஆனால், நாடாளுமன்றத்தில் பேசப்பட்டதை அச்சிடலாம். அதனால், அமைச்சரின் வாயாலேயே எண்ணிக்கையைச் சொல்ல வைத்துவிட்டால், மறுநாள் அது செய்தித்தாளில் வந்துவிடும். உலகம் முழுக்கப் போய்விடும். நிறவெறி அரசு மறைக்க நினைத்த கணக்குகளை, அந்த அரசின் ஏட்டிலேயே பதிய வைத்தார் ஹெலன்.

கடுப்பான அமைச்சர் ஒருவர், வெளிநாட்டில் நம் மானம் போவதற்காகவே இப்படிக் கேட்கிறீர்கள் என்று குற்றம்சாட்டினார். ஹெலனின் பதில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: ``மானத்தை வாங்குவது என் கேள்விகள் இல்லை, உங்கள் பதில்கள்தான்!''

நாக்கில் அவ்வளவு கூர்மை. கறுப்பின மக்களின் குடியிருப்புகளை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள் என்று ஆளுந்தரப்பினரிடம் சொன்னவர், போகும்போது அடையாளம் தெரியாதபடி `மனிதர்களைப்போல' மாறுவேடம் போட்டுக்கொண்டு போகச் சொன்னார்.

தான் மட்டும் நேரில் பார்க்காமல் பேசியதில்லை. சிறைகள், வலுக்கட்டாயமாகக் குடியமர்த்தப்பட்டவர்களின் முகாம்கள், குடிசைப் பகுதிகள் என்று அலைந்தார். வாக்கு இல்லாத லட்சக்கணக்கானவர்களுக்கு அவரே எம்.பி ஆனார். கணவரைத் தேடும் மனைவி, மகனைச் சிறையில் பறிகொடுத்த தாய் என்று அவர் உதவியை நாடியவர்கள் ஏராளம்.

ராபன் தீவின் கடைசி அறை

1967-ல் ராபன் தீவுச் சிறைக்குப் போனார். அங்கிருந்த கைதிகள், குறைகளைத் தங்கள் தலைவரிடம் கேட்கும்படி கைகாட்டினார்கள். அந்தத் தலைவர், நெல்சன் மண்டேலா. கையில் நாஜிகளின் ஸ்வஸ்திகா சின்னத்தைப் பச்சை குத்தியிருந்த ஒரு வார்டர், கைதிகளைக் கொடுமைப்படுத்துவதை, சிறை அதிகாரிகளின் முன்னாலேயே மண்டேலா அவரிடம் சொன்னார். ஹெலன் அதை மேலிடம்வரை கொண்டுபோனார். அந்த வார்டர் தீவிலிருந்து மாற்றப்பட்டார். வெளியுலகம் மறந்துவிட்டதோ என்று இருந்த கைதிகளுக்கு, அது பெரிய விஷயம்.

இதற்கெல்லாம் விலை இல்லாமல் இல்லை. பேச எழுந்தால், `மாஸ்கோவுக்குப் போ', `இஸ்ரேலுக்குப் போ' என்று கூச்சல். 1966 செப்டம்பர் 6-ம் தேதி, பிரதமர் வெர்வோர்ட் நாடாளுமன்றத்துக்குள்ளேயே குத்திக் கொல்லப்பட்டபோது, அமைச்சர் பி.டபிள்யூ. போத்தா அவரை நோக்கி விரலை நீட்டி, உங்களைப்போன்றவர்களால்தான் இது நடந்தது என்று கத்தினார். வீட்டுக்கு மிரட்டல் அழைப்புகள் வரும். போனுக்குப் பக்கத்திலேயே ஒரு விசில் வைத்திருந்தார் ஹெலன். மிரட்டுபவரின் காது கிழியும்படி ஊதிவிட்டு வைத்துவிடுவார்!

விமர்சனங்களும் உண்டு

அவரை எல்லோரும் கொண்டாடவில்லை. வெள்ளையர் மட்டுமே உட்காரும் நாடாளுமன்றத்தில் பங்கேற்பதே அதற்கு மரியாதை தேடித் தருவதாகும் என்று விடுதலை இயக்கத்தினர் பலர் சொன்னார்கள். அவர் கட்சியும் தொடக்கத்தில், எல்லோருக்கும் வாக்கு என்று சொல்லவில்லை; கல்வியோ வருமானமோ இருந்தால்தான் வாக்கு என்றது. 1978-ல்தான் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. தென்னாப்பிரிக்கா மீதான பொருளாதாரத் தடைகளையும் ஹெலன் எதிர்த்தார். வேலை போனால் முதலில் பட்டினி கிடப்பது கறுப்பினத் தொழிலாளிதான் என்பது அவர் வாதம். தடைகள்தான் அரசைப் பணிய வைக்கும் என்று நம்பியவர்களுக்கு அது கசந்தது. அந்த விவாதம் இன்றும் ஓயவில்லை.

நிறவெறிச் சட்டங்கள் நம்மவர்களையும் விட்டுவைக்கவில்லை. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப்போன தமிழர்களின் வழித்தோன்றல்கள், 1950-ம் ஆண்டின் குடியிருப்புப் பகுதிச் சட்டத்தால் டர்பனில் பாடுபட்டுக் கட்டிய வீடுகளையும் கடைகளையும் விட்டு வெளியேற வேண்டியிருந்தது.

கடைசி ஆண்டிலும் ஓயவில்லை

1989-ல், ஒரு கறுப்பினத் தொழிலாளியை அடித்தே கொன்ற வெள்ளைப் பண்ணையார்களை, சிறைக்கு அனுப்பாமல் லேசான தண்டனையோடு விட்டார் ஒரு நீதிபதி. அந்த நீதிபதிக்கு எதிராக நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார், 71 வயது ஹெலன். தீர்மானம் தோற்றது. ஆனால், ஒரு தொழிலாளியின் உயிருக்கு நாடு என்ன மதிப்புப் போட்டது என்பது அவைக் குறிப்பில் ஏறிவிட்டது. அதே ஆண்டு, 36 ஆண்டுகளுக்குப் பிறகு நாடாளுமன்றத்திலிருந்து ஓய்வுபெற்றார்.

மறு ஆண்டு பிப்ரவரி 11-ல் மண்டேலா விடுதலையானார். 1994-ல் எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் தேர்தல் நடந்தபோது, அதை நடத்திய தேர்தல் ஆணையத்தில் ஹெலனும் ஓர் உறுப்பினர். அவர் விடாமல் எதிர்த்த மரண தண்டனையை, 1995-ல் அரசமைப்பு நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1996 டிசம்பர் 10-ம் தேதி, ஷார்ப்வில்லில் மண்டேலா புதிய அரசமைப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டபோது, ஹெலனும் உடன் இருந்தார்.

2009 ஜனவரி 1-ம் தேதி, 91 வயதில் ஹெலன் சூஸ்மன் காலமானார். அவர் எதிர்த்து வாக்களித்த நிறவெறிச் சட்டங்கள் அன்று நிறைவேறின. இன்று நிறவெறி ஆட்சியே இல்லை. அவர் கேட்ட கேள்விகளும், அமைச்சர்கள் சொன்ன பதில்களும் மட்டும் அவைக் குறிப்புகளில் அப்படியே இருக்கின்றன.