மாறுகண்ணுக்கு வந்த மருந்து

பக்கவாதம் வந்து மாதங்கள் ஓடியபின்னும் சிலருக்கு விரல்கள் இறுக மடங்கியே இருக்கும். உள்ளங்கையைக் கழுவ முடியாது. நகம் சதையில் குத்தும். அந்த இறுக்கத்தைத் தளர்த்தப் போடும் ஊசியும் நெற்றிச் சுருக்கத்துக்குப் போடும் ஊசியும் ஒன்றுதான். மருந்தின் பெயர் போட்டுலினம் நச்சு. போடாக்ஸ் என்பது அதன் வணிகப் பெயர்களில் ஒன்று.

மனிதர் அறிந்த நஞ்சுகளில் மிகக் கொடியது இது. காற்றில்லாத இடத்தில் பெருகும் குளோஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியா இதை உண்டாக்குகிறது. ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில், கெட்டுப்போன இறைச்சிக் குழல்களை உண்டவர்கள் இமை தொங்கி, விழுங்க முடியாமல், மூச்சடங்கி இறந்ததை 1820-களின் தொடக்கத்தில் யுஸ்டினஸ் கெர்னர் என்ற மருத்துவர் விரிவாகப் பதிவு செய்தார். மிகக் குறைந்த அளவில் இதே நஞ்சு மருந்தாகலாம் என்றும் அப்போதே எழுதினார். அதே பாக்டீரியாவின் வித்துகள் தேனிலும் இருக்கக்கூடும். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாக்கில் தேன் தடவுவதை நம் வீடுகள் அவசியம் கைவிட வேண்டும்.

தசை சுருங்க வேண்டுமென்றால் நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிவர வேண்டும். நுண்ணிய பைகளில் அது தயாராக இருக்கும். பை நரம்புச் சவ்வோடு இணைந்தால்தான் உள்ளிருப்பது வெளியேறும். இணைப்புக்கு உதவும் புரதங்களில் ஒன்று ஸ்நாப்-25. சிகிச்சையில் அதிகம் பயன்படும் 'ஏ' வகை நச்சு நரம்புக்குள் புகுந்து அந்தப் புரதத்தைத் துண்டித்துவிடுகிறது. மூளையின் கட்டளை நரம்பு நுனிவரை வருகிறது, தசையை எட்டுவதில்லை. நரம்பு சாவதில்லை என்பதுதான் இதில் முக்கியம். சில நாள்களில் தசை தளரத் தொடங்கும்; மூன்று, நான்கு மாதங்களில் நரம்பு பழைய வேலைக்குத் திரும்பும். ஊசியைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருப்பது அதனால்தான்.

கத்தி வைக்காமல் மாறுகண்ணைச் சரிசெய்ய வழி தேடிய சான் பிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட்தான் இதை மருந்தாக்கினார். 1989-இல் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் அமெரிக்கா அனுமதி தந்தது. இமைத் துடிப்புக்கு ஊசி போட்டவர்களின் புருவ நடுச் சுருக்கம் மறைவதைக் கனடாவின் வான்கூவரில் கண் மருத்துவர் ஜீன் கரூதர்ஸும் தோல் மருத்துவரான அவருடைய கணவர் அலஸ்டேரும் கவனித்தார்கள். அழகுச் சிகிச்சைக்கான அமெரிக்க அனுமதி 2002-இல்தான் வந்தது.

இன்று கழுத்துத் திருகல், மூளை முடக்குவாதக் குழந்தைகளின் குதிகால் ஊன்றாத நடை, அளவுமீறிய அக்குள் வியர்வை, மாதத்தில் பாதி நாள் படுத்தும் ஒற்றைத் தலைவலி, சிறுநீர்ப்பைக் கோளாறு எனப் பலவற்றுக்கும் இது உதவுகிறது. அழகு ஊசி என்ற பெயர் இதையெல்லாம் மறைத்திருப்பது பெரிய இழப்பு. இறுகிய கைகால்களோடு வீட்டில் யாரேனும் இருந்தால், இந்தச் சிகிச்சை பொருந்துமா என்று நரம்பியல் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். பிசியோதெரபியும் சேர்ந்தால்தான் பலன் நிற்கும்.

எந்தத் தசை, எத்தனை யூனிட் என்பது தெரிந்த மருத்துவரிடம் மட்டுமே இதைப் போட்டுக்கொள்ள வேண்டும். அழகு நிலையம் இதற்கான இடமல்ல. ஒரு நிறுவனத்தின் யூனிட் இன்னொன்றின் யூனிட்டுக்குச் சமமுமல்ல. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், தசைக்களைப்பு நோய் உள்ளவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஊசிக்குப் பிறகு, சில வாரங்கள் கழித்தேகூட, விழுங்கவோ பேசவோ மூச்சுவிடவோ சிரமம் தோன்றினால், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.