வட்டத்தை அறுக்கும் மரம்

ஈத்தர்நெட் வலையில் ஓடும் தகவலுக்கு ஆயுள் குறிக்கப்படுவதில்லை. இணையத்தில் பயணம் செய்யும் ஐ.பி. பொதிக்கு அது உண்டு. அதிகபட்சம் 255 வரை இருக்கக்கூடிய ஓர் எண், ஒவ்வொரு ரவுட்டரைக் கடக்கும்போதும் ஒன்று குறையும். பூஜ்யமானால் பொதி அழிக்கப்படும். வழி தவறி அலைந்தாலும் அதற்கு ஒரு முடிவு இருக்கிறது. ஈத்தர்நெட்டின் பொதியான ஃபிரேமில் அப்படி ஓர் எண்ணே இல்லை. 1973-இல் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் பாப் மெட்காஃப் ஈத்தர்நெட்டை உருவாக்கத் தொடங்கியபோது, கணினிகள் எல்லாம் ஒரே கேபிளில் இணைந்திருந்தன. தாண்டிச் செல்ல வேறு கேபிளே இல்லாதபோது தாண்டல்களை எதற்கு எண்ண வேண்டும்?

கேபிள்களை இணைக்கும் பிரிட்ஜுகளும், அவற்றின் வாரிசுகளான சுவிட்சுகளும் வந்த பிறகுதான் சிக்கல். மூன்று சுவிட்சுகளை முக்கோணமாக இணைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கேபிள் அறுந்தாலும் வேலை நிற்கக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. ஒரு கணினி, ‘இந்த முகவரி யாருடையது?’ என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு கேள்வியை அனுப்புகிறது. பொதுச் செய்தி வந்தால், வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டுகளிலும் அதை வெளியே விடுவது சுவிட்சின் கடமை. ஆகவே இரண்டு நகல்கள் எதிரெதிர்த் திசைகளில் முக்கோணத்தைச் சுற்றத் தொடங்குகின்றன. நிறுத்துவதற்கு யாருமில்லை. வட்டங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால் நகல்கள் பெருகவும் செய்யும். ஒரு ஜிகாபிட் கேபிளில் நொடிக்குச் சுமார் 14 லட்சத்து 88 ஆயிரம் சிறு ஃபிரேம்கள் செல்ல முடியும். அத்தனை இடத்தையும் இந்த ஒரே கேள்வியின் நகல்கள் அடைத்துக்கொள்ளும். ‘பிராட்காஸ்ட் ஸ்டார்ம்’ என்று நெட்வொர்க் பொறியாளர்கள் அஞ்சுவது இதைத்தான்.

1980-களின் நடுவில், அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணிபுரிந்த ரேடியா பெர்ல்மனிடம் இந்தச் சிக்கல் வந்தது. மேலாளர் ஒரு சவாலையும் சேர்த்தே வைத்தார். வலை எவ்வளவு பெரிதானாலும் கருவிக்குத் தேவையான நினைவகம் கூடக் கூடாது! வட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முழு வரைபடம் வேண்டாமா? வேண்டியதில்லை என்று பெர்ல்மன் கண்டார். 1985-இல் வெளியான தம் ஆய்வுக் கட்டுரையை, மரத்தைப் பற்றிய ஒரு சிறு கவிதையோடு தொடங்கினார். வழிமுறையின் பெயர் ‘ஸ்பானிங் ட்ரீ’. 1990-இல் ஐ.இ.இ.இ. அமைப்பு அதைத் தன் 802.1டி தரநிலையில் சேர்த்தது.

மின்சாரம் வந்ததும் ஒவ்வொரு சுவிட்சும் ‘நான்தான் வேர்’ என்று அண்டை சுவிட்சுகளுக்கு அறிவிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. தன்னைவிடச் சிறிய எண்ணைக் கேட்டதும் தன் உரிமையைக் கைவிட்டு, ‘அவர்தான் வேர், அவரை அடைய என் வழியாக இவ்வளவு செலவு’ என்று சொல்லத் தொடங்கும். 100 மெகாபிட் கேபிளுக்கு 19, ஜிகாபிட் கேபிளுக்கு 4 என்பது வழக்கமான செலவுக் கணக்குகளில் ஒன்று. வேருக்கு மிகக் குறைந்த செலவில் இட்டுச்செல்லும் ஒரு போர்ட்டை ஒவ்வொரு சுவிட்சும் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கேபிளுக்கும், வேருக்கு நெருக்கமான ஒரு சுவிட்ச் பொறுப்பேற்கும். இரண்டிலும் சேராத போர்ட்டுகள் மூடப்படும். மிஞ்சுவது ஒரு மரம். மரத்தில் வட்டம் இருக்க முடியாது. எந்தச் சுவிட்சுக்கும் அந்த மரத்தின் முழு உருவம் தெரியாது. ஒவ்வொரு போர்ட்டிலும் தான் கேட்டவற்றில் சிறந்த ஒரு செய்தியை நினைவில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். முழுமையை யாரும் அறியாமலே முழுமை சரியாக அமைந்துவிடுவதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

மூடிய போர்ட் உறங்குவதில்லை. தரவை அது கடத்தாது. ஆனால் 2 நொடிக்கு ஒருமுறை வரும் செய்தியைக் கேட்டுக்கொண்டே இருக்கும். 20 நொடிக்குச் செய்தி வராவிட்டால், வழி அறுந்தது என்று புரிந்துகொண்டு திறக்க ஆயத்தமாகும். அப்போதும் உடனே திறக்காது. 15 நொடி கவனிக்கும், இன்னும் 15 நொடி முகவரிகளைக் கற்கும். இந்தத் தயக்கம் அவசியமானது. சற்று நேரம் தொடர்பு அறுந்தால் சிலருக்கு வேலை தடைப்படும். சற்று நேரம் வட்டம் உருவானால் மொத்த வலையும் படுத்துவிடும். 2001-இல் வந்த ‘ரேபிட்’ வடிவத்தில் அண்டை சுவிட்சுகள் கேட்டு ஒப்புக்கொண்டு திறப்பதால், இந்தக் காத்திருப்பு பெரும்பாலும் ஓரிரு நொடிகளுக்குள் முடிகிறது.

நிர்வாகி எதையும் மாற்றாவிட்டால் எல்லாச் சுவிட்சுகளிலும் அடையாள எண்ணின் முதல் பகுதியான முன்னுரிமை 32768 என்றே இருக்கும். அப்போது அடுத்த பகுதியான மேக் முகவரி, அதாவது வன்பொருள் முகவரி, சிறியதாக உள்ளதே வேராகும். அது மூலையில் கிடக்கும் பழைய, வேகம் குறைந்த சுவிட்சாகவும் இருக்கலாம். அதனால்தான் விவரமறிந்த பொறியாளர்கள் வேரைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள்.

மரத்துக்கும் ஓர் அளவு உண்டு. வழக்கமான கால அளவுகளின்படி, எந்த இரு முனைகளுக்கும் இடையில் ஏழு சுவிட்சுகளுக்கு மேல் இருக்கக் கூடாது. 2002 நவம்பரில் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவமனையின் வலை அந்த எல்லையை மீறி வளர்ந்திருந்தது. பெருமளவு தரவு ஒரே நேரத்தில் பாய்ந்தபோது மரம் குலைந்து, வட்டங்கள் உருவாயின. மருத்துவர்களும் செவிலியர்களும் சில நாட்களுக்குக் காகிதத்துக்குத் திரும்பி, பரிசோதனை முடிவுகளை ஆள்வழியே கொடுத்தனுப்பினார்கள். அதன் பிறகு அந்த வலையை ரவுட்டர்களால் பிரித்து, சிறு சிறு மரங்களாக அமைத்தார்கள்.