அஞ்சு ரூபாய் டப்பா

(மூன்றாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுவியல் துறை)



முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முதலாம் ஆண்டில் நம் வகுப்பு சுற்றுலா போனபோது எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி நின்றுவிட்டேன் அல்லவா? காய்ச்சல் எல்லாம் இல்லை. கட்டப் பணம் இல்லை. போய் வந்தவர்கள் எனக்கென்று ஒரு பை ஆரஞ்சு வாங்கி வந்து, "உடம்பு இப்ப பரவாயில்லையாடி?" என்று கேட்டீர்கள். அந்த ஆரஞ்சுச் சுளை எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

அடுத்த வருடம் நானும் வந்தேன். அதற்குக் கட்டிய 2,700 ரூபாயில் 1,940 ரூபாய் சில்லறையாகச் சேர்ந்தது. எப்படிச் சேர்த்தாய் என்று பலர் கேட்டதால் ஆண்டு மலருக்கே எழுதிவிடுகிறேன். 'சிறுதுளி பெருவெள்ளம்' என்று தலைப்பு வைக்கச் சொன்னார்கள். வெள்ளம் ஒன்றும் வரவில்லை, 1,940 ரூபாய்தான் வந்தது. ஆகவே தலைப்பை மாற்றிவிட்டேன்.

எனக்கு ஊர் சதுரங்கப்பட்டினம். வெளியார் சட்ராஸ் என்பார்கள். கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கம், இடிந்த டச்சுக் கோட்டை இருக்கிற ஊர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அப்பா கடலுக்குப் போகிறார். அம்மா புதுப்பட்டினம் கடைவீதியில் மீன் விற்கிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். மாதாமாதம் வரும் புதுமைப்பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் நேராக வீட்டுச் செலவுக்குப் போய்விடும். அதில் எனக்கு வருத்தம் கிடையாது, சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் பணம் என்றால் கண்ணால் பார்க்கிற பணம்தான். அம்மா ஒரு தீபாவளிச் சீட்டில் ஏமாந்தவர். சீட்டுப் பிடித்தவர் ஐப்பசி பிறப்பதற்குள் ஊரை விட்டே போய்விட்டார். அதிலிருந்து அம்மாவுக்கு உண்டியல்தான் பாங்கு. ஆனால் உண்டியலிலும் ஏமாற்றம் உண்டு என்பதை எங்கள் ஆயா காட்டிக்கொடுத்தார். அவர் காலமான பிறகு பரணில் ஒரு மண் உண்டியல் கிடைத்தது. உடைத்தால் உள்ளே முழுக்க பத்து பைசா, இருபது பைசா, நாலணா. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள நாணயங்களும் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு செல்லாமல் போய்விட்டன. அதற்குமுன் பாங்கில் கொடுத்து மாற்றியிருக்கலாம். உண்டியல் இருந்ததே யாருக்கும் தெரியாது.

புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் கரையில் பழங்காசு தேடிப் போகிறவர்கள் எங்கள் பக்கம் உண்டு. டச்சுக் கம்பெனி பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் அடித்த செம்புக் காசுக்கு ஒரு காலத்தில் இந்தக் கரையில் நெசவுத்துணியே வாங்கியிருப்பார்கள். இன்று அதைக் கொடுத்து ஒரு டீ வாங்க முடியாது. ஆயாவின் நாலணாவும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. அதனால் நான் தொடங்கும்போதே முடிவுக்கு ஒரு தேதி வைத்துக்கொண்டேன்: ஜனவரிக் கடைசி. டப்பா அதற்குமேல் ஒரு நாளும் மூடியிருக்கக் கூடாது.

2024 ஜூனில், கல்லூரி திறந்த வாரம், ஒரு பால்பவுடர் டப்பாவின் மூடியில் கீறல் போட்டேன். முதல் மாதம் படுதோல்வி. "மீதி இருக்கிற சில்லறையைப் போடுவோம்" என்று நினைத்தேன், மீதி என்று ஒன்று வந்தால்தானே! இப்போது எல்லாம் போன் வழியாகப் போகிறது. பதினெட்டு ரூபாய் என்றால் சரியாகப் பதினெட்டுதான் போகிறது. 2016இல் யு.பி.ஐ. வருவதற்குமுன் இருபது ரூபாய்த் தாளைக் கொடுத்து இரண்டு ரூபாய் திரும்ப வாங்கிய இடத்தில் இன்று ஒன்றும் திரும்ப வருவதில்லை. மிச்சம் பிடித்த மாதிரி தோன்றும். அந்த இரண்டு ரூபாய் நமக்குத் தெரியாமல் வேறு எதற்கோ செலவாகியிருக்கும்.

ஆகவே வழியை மாற்றினேன். திங்கட்கிழமை வாரச் செலவுக்கான பணத்தைத் தாளாகக் கையில் வாங்கிக்கொள்வது, வாரம் முழுவதும் போனைத் தொடாமல் அதிலேயே செலவழிப்பது. கைக்கு எந்த அஞ்சு ரூபாய் நாணயம் வந்தாலும் அது என்னுடையது அல்ல, டப்பாவினுடையது. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எல்லாம் தாராளமாகச் செலவு செய்யலாம், அஞ்சு மட்டும் கூடாது. இதில் என்ன சூட்சுமம் என்றால், 'இன்னிக்கு எவ்வளவு போடலாம்?' என்று யோசிக்கிற வேலையே இல்லை. யோசித்தால் நாம் நிச்சயம் போட மாட்டோம். கையில் இருப்பது அஞ்சா, இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. வாரத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து நாணயம் சேர்ந்தது.

சேலத்தில் ஓர் இளைஞர் 2022இல் ஒரு ரூபாய் நாணயங்களாகவே 2.6 லட்சம் கொடுத்து பைக் வாங்கியதும், எண்ணி முடிக்க சுமார் பத்து மணி நேரம் ஆனதும் செய்தியில் வந்தன. நம் பையன்கள் இதை அடிக்கடி உதாரணம் காட்டுவார்கள். ஆனால் அவர் தாளாக இருந்த பணத்தைக் கோவில், ஓட்டல், டீக்கடை என்று அலைந்து நாணயமாக மாற்றியவர். அது ஆசை, நம்முடைய கதை வேறு.

நம் கதைக்குக் கிட்டத்தில் வருகிறவர்கள் எர்ணாகுளத்தில் டீக்கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதி. 1963 முதல் டீ விற்ற குடும்பம். தினமும் 300 ரூபாயைத் தனியே எடுத்து வைத்தார்கள். போதாததற்குக் கடன் வாங்கினார்கள். போய் வந்த பிறகு வருடக்கணக்கில் டீ ஆற்றிக் கடனை அடைத்துவிட்டு அடுத்த பயணத்துக்குச் சேர்த்தார்கள். 2007இல் தொடங்கி 26 நாடுகள்! 2021 நவம்பரில் விஜயன் காலமானார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் இருவரும் ரஷ்யா போய் வந்திருந்தார்கள். 'சில்லறையில் உலகம் சுற்றினார்கள்' என்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் செலவு போக மீதியை வைக்கவில்லை. வைத்தது போக மீதியைச் செலவழித்தார்கள். என் அஞ்சு ரூபாய் விதியும் அதே வேலையைத்தான் சிறிய அளவில் செய்கிறது. கடன் விஷயத்தில் மட்டும் அவர்களைப் பின்பற்ற எனக்குத் தைரியம் இல்லை. நம் வயதில் அது வேண்டாம் என்றே சொல்வேன்.

தபால் ஆபீசில் போட்டால் வட்டி வருமே என்று கேட்பீர்கள். விசாரித்தேன். ஆர்.டி. மாதம் குறைந்தது 100 ரூபாய், ஐந்து வருடக் கணக்கு. மூன்று வருடத்துக்குமுன் முடிக்க முடியாது. டிப்ளமோ முடிந்த பிறகு டிப்ளமோ சுற்றுலாவுக்கா பணம் எடுப்பது? சாதாரண சேமிப்புக் கணக்குக்கு வட்டி 4 சதவீதம். கணக்கில் 500 ரூபாய் எப்போதும் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி முதல் மாதக் கடைசி வரை இருந்த மிகக் குறைந்த தொகைக்குத்தான் வட்டி என்பதால், போடுவதை 10ஆம் தேதிக்குள் போட வேண்டும். என் கணக்குக்கு எட்டு மாதத்தில் முப்பது ரூபாய்கூடத் தேறாது. வட்டிக்காக என்று போக வேண்டியதில்லை. டப்பா கண்ணெதிரே இருந்தால் கை நீளும் என்பவர்கள் போகலாம்.

கண்ணெதிரே இருந்தால் கை நீளும்தான். ஆனால் எங்கள் வீட்டில் நீண்டது வேறு காரணத்துக்காக.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. அதற்குப் பல நாள் முன்பிருந்தே அப்பா கடலுக்குப் போகவில்லை. புயலுக்குப் பின்னும் கடல் அடங்க நாளாயிற்று. கடல் இல்லாவிட்டால் மீன் இல்லை, மீன் இல்லாவிட்டால் அம்மா கடைவீதியில் உட்கார்ந்து என்ன பயன்? அன்று டப்பாவில் 1,680 ரூபாய் இருந்தது. எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசாமல் இரண்டு நாள் இருந்தோம். மூன்றாம் நாள் நானே மூடியைத் திறந்து 180 நாணயத்தை எண்ணி அம்மா மடியில் கொட்டினேன். 900 ரூபாய். அரிசி, பருப்பு, கேஸுக்குக் கொஞ்சம். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஒன் காசு, ஒனக்கே வரும்"னு மட்டும் சொன்னார். நான் சுற்றுலாவை மனசிலிருந்து எடுத்துவிட்டேன். இந்தத் தடவை காய்ச்சலுக்குப் பதில் என்ன பொய் சொல்லலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

கடல் திறந்து ஒரு வாரம் இருக்கும். அம்மா ராத்திரி டப்பாவில் எதையோ போடுகிற சத்தம் கேட்டது. பத்து ரூபாய் நாணயங்கள்! எங்கள் பக்கம் சில கடைகளில் பத்து ரூபாய் நாணயத்தைக் கண்டால் முகம் சுளிப்பார்கள், செல்லாது என்பார்கள். வாங்குகிறவர்கள் அதை அம்மாவிடம் தள்ளிவிடுவார்கள். அம்மாவால் திரும்பத் தள்ள முடியாது. பத்து ரூபாய் நாணயத்தில் 14 வகை வடிவங்கள் வந்திருப்பதாகவும், எல்லாமே செல்லும் என்றும் ரிசர்வ் வங்கி 2018லேயே தெளிவாக அறிவித்துவிட்டது. இதை அம்மாவுக்கு நான் எடுத்துச் சொன்னபோது, "எனக்குத் தெரியும்டி, கடைக்காரனுக்குல்ல தெரியணும்" என்றார். அவர் வியாபாரத்தில் முடங்கிக் கிடந்த காசுதான் டப்பாவுக்கு வந்தது. ஜனவரிக் கடைசி வரை அப்படி 62 நாணயங்கள் போட்டார். என் அஞ்சு ரூபாயும் தொடர்ந்து விழுந்தது.

இனி எண்ணிக்கை. நம் படிப்புக்கு இங்கேதான் வேலை. அம்மாவின் மீன் தராசு எலக்ட்ரானிக், லீஸ்ட் கவுண்ட் 5 கிராம். 2011 வரிசை நாணயங்களின் எடை இப்படி: ஒரு ரூபாய் 3.79 கிராம், இரண்டு ரூபாய் 4.85, அஞ்சு ரூபாய் 6, பத்து ரூபாய் 7.71. அஞ்சும் பத்தும் லீஸ்ட் கவுண்டை விடக் கனம் என்பதால், எடையிலிருந்து எண்ணிக்கையைத் தப்பில்லாமல் சொல்லிவிடலாம். ஒரு ரூபாய் அதைவிட லேசு, அதில் ஒன்றிரண்டு முன்பின் ஆகும். பழைய தடித்த அஞ்சு ரூபாய் 9 கிராம், அதைத் தனியே பிரித்துவிட வேண்டும். பழைய பெரிய ஒரு ரூபாயும் 2011 வரிசை இரண்டு ரூபாயும் இரண்டுமே 4.85 கிராம், 25 மில்லிமீட்டர். தராசும் வெர்னியரும் ஒன்றும் செய்ய முடியாது, கண்தான் பார்க்க வேண்டும். முக்கியமாக, காசைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைக்க வேண்டும். எங்கள் வீட்டுக் காசில் உப்பும் செதிலும் ஒட்டியிருக்கும்.

பத்து ரூபாய்க் குவியல் தராசில் 480 கிராம் காட்டியது. 7.71ஆல் வகுத்தால் 62தான் வரும். மெல்லிய அஞ்சு ரூபாய் 1 கிலோ 540 கிராம் காட்டியது. வகுத்தால் 257. தடித்தது 7. கையால் எண்ணியும் பார்த்தேன், சரியாக இருந்தது. மொத்தம் 1,940 ரூபாய். அம்மா தராசைப் பார்த்துவிட்டு, "ரெண்டு கிலோ வஞ்சரம்னா இதைவிட ஜாஸ்தி வரும்" என்றார்.

இதை அப்படியே சுற்றுலாப் பணமாகக் கட்ட முடியுமா? 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரைதான் செல்லுபடி. அதற்குமேல் நாணயமாகக் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்று சொல்ல எதிரில் இருப்பவருக்கு உரிமை உண்டு. (50 பைசா இன்னும் செல்லும், ஆனால் 10 ரூபாய் வரைதான்.) பாங்குகள் எல்லா நாணயத்தையும் வாங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. எடை போட்டே வாங்கலாம், நூறு நூறாகப் பையில் போட்டுத் தந்தால் இரு தரப்புக்கும் வசதி என்றும் அதிலேயே இருக்கிறது. நான் போன கவுன்டரில் "கூட்டமா இருக்கும்மா, அப்புறம் வா" என்றார்கள். நான் நூறு நூறாகக் கட்டித்தான் கொண்டுபோயிருந்தேன், இருந்தும் வாதாடத் தைரியம் வரவில்லை. இப்போதானால் வாதாடுவேன். அன்று சாயங்காலமே ஊரில் இரண்டு டீக்கடை, ஒரு மளிகைக் கடை என்று ஏறி இறங்கினேன். "சில்லறையா? கொண்டா, கொண்டா!" என்று தாளை எடுத்து நீட்டினார்கள். பத்து ரூபாய் நாணயங்களை மட்டும் மறுநாளிலிருந்து பஸ் கண்டக்டர்களிடம் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன்.

குறைந்த 760 ரூபாய்க்கு அந்த மாத உதவித்தொகையை எடுத்துக்கொள்ளச் சொன்னது அம்மாதான். அதில் மீதி 240 ரூபாய் கைச்செலவுக்கு.

ஏற்காட்டுக்கு ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவிலும் நான் ஜன்னலில் தலையை விட்டுக்கொண்டே வந்தேன், நீங்கள் எல்லோரும் கேலி செய்தீர்கள். எனக்கு அதுவரை மலை என்றால் திருக்கழுக்குன்றம் மலைதான். மறுநாள் மேட்டூர் அணையில் சார் டர்பைன் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது, தண்ணீரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பாடத்தைக் கவனிக்கவில்லை. அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், சார்.

திரும்பும்போது அம்மாவுக்குக் கொஞ்சம் மிளகு வாங்கினேன். கடைக்காரர் மீதியாக ஒரு அஞ்சு ரூபாய் நாணயம் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் டப்பாவைத் தேடினால் காணோம். அம்மா அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார், மூடியில் கீறலைக் கொஞ்சம் பெரிதாக்கி. "தம்பியும் அடுத்த வருஷம் பத்தாவது முடிக்கிறான்ல" என்றார்.